பழைய விலாசத்துக் கடிதங்கள்

பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் ரொசாரியோவுக்கும் ஜாலான் சான் ஆ தோங்குக்கும் நடுவே, ரயில்வேயிலும் சர்க்கார் காரியாலயங்களிலும் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, 2014-ஆம் ஆண்டு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்னும் வரிசை வீடுகளில் ஒன்றில்தான் என் பிள்ளைப் பிராயம் கழிந்தது. அந்த வீட்டின் முன்கூடத்தில், சுவாமி படங்களுக்குச் சற்றுக் கீழே, ஒரு கடிதக் கம்பி தொங்கிக்கொண்டிருக்கும். அடியில் வட்டமான சிறு மரத்தட்டு. அதன் நடுவிலிருந்து எழும்பி மேலே கொக்கியாக வளைந்த கூரிய கம்பி. ஊரிலிருந்து வரும் நீல நிற ஏரோகிராம்களும், 'ரஜூலா' கப்பலில் வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்பிய மடித்த காகிதங்களும், தண்ணீர் பில்லும் மின்சார பில்லும், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகளும் வந்த நாளின் வரிசையிலேயே அதில் குத்தப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும்.

என் தகப்பனார் ரயில்வே காரியாலயத்தில் கிராணியாக இருந்தவர். தமிழ்நாட்டில் குமாஸ்தா என்று வழங்கும் உத்தியோகத்துக்கு மலாயாவில் கிராணி என்றுதான் பெயர். தோட்டத்திலும் கிராணி, துறைமுகத்திலும் கிராணி, ரயிலடியிலும் கிராணி. ஆண்டு முடிகிற வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறிவிட்டு, அவர் அந்தக் கம்பியைக் கீழே இறக்கிப் பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாக உருவி எடுப்பார். பதில் போடாத கடிதம் மீண்டும் கம்பிக்கே போகும். நிலம், பிறப்பு, பணம் சம்பந்தப்பட்ட காகிதங்கள் தகரப் பெட்டிக்குப் போகும். உறவினர் எழுதியவற்றைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூலால் கட்டி, ஆண்டை மேலே எழுதுவார். எஞ்சியவை அடுப்பங்கரைக்குப் போகும். "உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாகத் தெரியுமே அப்பா, எதற்கு இவ்வளவு பிரயாசை?" என்று ஒருமுறை கேட்டேன். தலை நிமிராமலே, "எனக்குத் தெரியும்டா, நாளைக்கு என் நாற்காலியில் உட்காருகிறவனுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

ஒரு மின்னஞ்சல் சேவையை விட்டு இன்னொன்றுக்கு மாறுகிறவர்களுக்கு, அந்த ஒரு வாக்கியத்தைவிட உபயோகமான யோசனை எதையும் நான் இதுவரை கேட்டதில்லை. கடிதங்களை அடுக்குவது அடுக்குகிறவனுடைய கண்ணுக்கு அழகாயிருப்பதற்காக அன்று; ஐந்து ஆண்டுகளோ பத்து ஆண்டுகளோ கழித்து, அவசரமான ஒரு வேளையில், அவற்றைத் தேடப்போகிற கைக்காக. அந்தக் கை நம்முடையதாகவே இருக்கலாம். நம் பிள்ளைகளுடையதாகவும் இருக்கலாம். இரண்டு பேருமே இன்றைக்கு நமக்கு ஞாபகத்திலிருப்பவற்றை அன்றைக்கு அறியாதவர்கள்.

நம் நாட்டில் மின்னஞ்சல் நடந்து வந்த பாதையைச் சற்றுப் பார்த்தால், ஒரே மனிதர் எத்தனை முறை விலாசம் மாற நேர்ந்தது என்பது விளங்கும். 1985-ஆம் ஆண்டு தோன்றிய மீமோஸ் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக வந்த 'ஜாரிங்', மலேசியாவின் முதல் இணையச் சேவை. தொலைபேசிக் கம்பியின் வழியே, கிறீச்சென்று ஒலியெழுப்பும் மோடத்தின் துணையால், அந்நாளில் பல்கலைக்கழகத்தாரும் பத்திரிகைக்காரர்களும் வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோர்களும் முதன்முதலில் மின்கடிதம் எழுதிப் பழகியது அதில்தான். 1996-ல் தெலிகோம் மலேசியாவின் 'டிஎம்நெட்' வந்தது. சந்தாதாரருக்கெல்லாம் அதன் பெயரை வாலாகக் கொண்ட விலாசம் கிடைத்தது. அதே ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் அமெரிக்காவில் 'ஹாட்மெயில்' தொடங்கினார்கள். எந்தக் கம்பெனியிடம் இணைப்பு வாங்கினாலும் சரி, எந்த ஊரில் எந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாலும் சரி, உலாவியைத் திறந்து கடவுச்சொல்லை இட்டால் கடிதங்கள் கண்முன் வந்து நிற்கும் என்ற 'வெப்மெயில்' வசதி சாதாரண ஜனங்களுக்கு அதன் மூலந்தான் அறிமுகமாயிற்று. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மாடிப்படிக்கு மாடிப்படி சைபர் கஃபே முளைத்திருந்த அந்தக் காலத்தில், வீட்டில் கணினி இல்லாத பையனுக்கும் ஒரு நிரந்தர விலாசத்தை அது கொடுத்தது.

ஆனால் அந்தப் பெட்டி மிகச் சிறியது. ஹாட்மெயில் தொடக்கத்தில் தந்த இடம் 2 மெகாபைட். இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்குக்கூட அந்த இடம் போதாது. ஆகவே புதிய கடிதம் வர வேண்டுமென்றால் பழைய கடிதத்தை அழித்தாக வேண்டும்; அப்படி அழித்து அழித்தே ஒரு தலைமுறையின் முதல் மின்கடிதங்கள் மறைந்து போயின. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் கூகுள் நிறுவனம் 1 கிகாபைட் இடத்தோடு 'ஜிமெயில்' தருவதாக அறிவித்தபோது, தேதியைப் பார்த்துப் பலர் அதை நம்பவேயில்லை. அன்று முதல் நம்முடைய வழக்கம் தலைகீழாக மாறிற்று. எதையும் அழிப்பதில்லை, எதையும் அடுக்குவதுமில்லை. இருபது ஆண்டுகளின் கடிதங்கள் ஒரே குவியலாய்க் கிடக்கின்றன. முன்பு இடமின்மையால் இழந்தோம். இப்போது இடத்தின் மிகுதியால், இருந்தும் காண முடியாதவர்களாய் இருக்கிறோம். இதற்கிடையே 2015-ல் ஜாரிங் நிறுவனமும் மூடப்பட்டது. ஒரு நிறுவனத்தின் பெயரை வாலாகக் கொண்ட விலாசம், அந்த நிறுவனத்தின் ஆயுளுக்கு உட்பட்டது என்பது அப்போது பலருக்கு முதன்முதலாக உறைத்தது.

இந்த வேலையில் நானே ஒரு பெரிய பிழை செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பதினோரு ஆண்டுகள் உபயோகித்த ஒரு பெட்டியை விட்டு வேறொன்றுக்கு மாறினேன். புதிய சேவையில் 'பழைய கடிதங்களைக் கொண்டு வா' என்ற பொத்தான் இருந்தது, அழுத்தினேன், ஒரு ராத்திரி முழுவதும் கடிதங்கள் வந்து சேர்ந்தன, காலையில் பார்த்தால் ஆயிரக்கணக்கில் நிறைந்திருந்தன. மனநிறைவோடு பழைய கணக்கை மூடிவிட்டேன். மூன்று மாதம் கழித்து, நான் எழுதிய ஒரு கடிதத்தைத் தேடியபோதுதான் விஷயம் புரிந்தது: பிறர் எனக்கு எழுதியவை எல்லாம் வந்திருந்தன, நான் பிறருக்கு எழுதியவற்றில் ஒன்றுகூட வரவில்லை.

காரணம் இதுதான். மின்னஞ்சலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்ல இரண்டு பழைய முறைகள் உண்டு. 1984-ல் பிறந்த 'பாப்' என்பது ஒன்று. 1986-ல் மார்க் கிறிஸ்பின் வகுத்த 'ஐமேப்' என்பது மற்றொன்று. பாப் என்பது வாசலில் தொங்கும் தபால்பெட்டியைத் திறந்து உள்ளே கிடப்பதை அள்ளிக்கொண்டு வருகிற ஆளைப் போன்றது. வீட்டுக்குள் அலமாரியில் என்ன இருக்கிறதென்று அது பார்ப்பதில்லை. உள்பெட்டியில் இருந்ததை மட்டும் அது கொண்டு வரும். 'அனுப்பியவை' என்ற அறையும், நாமாகத் தனித்தனியே அமைத்த அறைகளும் அதற்குத் தெரியா. ஐமேப் அப்படியன்று, வீட்டுக்குள் நுழைந்து, எந்த அறையில் எந்தத் தட்டில் எது இருந்ததோ அதை அந்த அமைப்போடே காட்டும். நான் அழுத்திய பொத்தானுக்குப் பின்னால் இருந்தது பாப். ஒரு தரம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும், விசாரிக்கவில்லை. ஒரு கடிதப் போக்குவரத்தில் எதிராளியின் குரல் மட்டும் மிஞ்சி, நம்முடைய குரல் அடியோடு மறைந்துபோவது எப்படிப்பட்ட இழப்பு என்பதை, என் தாயாரின் கடைசி ஆண்டில் ஊரிலுள்ள மாமாவுக்கு நாள்தோறும் நான் எழுதிய உடல்நிலை விவரங்களைத் தேடிக் கிடைக்காமற்போன அன்று உணர்ந்தேன். மாமாவின் பதில்கள் இருக்கின்றன. 'நீ எழுதியதைப் படித்து மனம் ஆறினேன்' என்று எழுதியிருக்கிறார். நான் என்ன எழுதினேன் என்பது எங்கும் இல்லை.

ஆகையால், கிள்ளானிலிருந்து டீச்சர் கூப்பிட்டபோது நான் தாமதிக்காமல் புறப்பட்டேன். டீச்சர் என்று நான் சொல்வது, தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார்; என் தமக்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் நிலையத்தில் இறங்கி, தெங்கு கிளானா சாலையின் பூமாலைக் கடைகளையும் துணிக்கடைகளையும் கடந்து போனால் அவர் வீடு. மேஜைமேல் மகள் வாங்கிக் கொடுத்த மடிக்கணினி தயாராய் இருந்தது.

"பெட்டி நிறைஞ்சு போச்சுன்னு சிவப்பு எழுத்திலே காட்டிக்கிட்டே இருக்கு, தம்பி. மகள் வேற சேவையிலே புதுப்பெட்டி திறந்து குடுத்துட்டா. பழசிலே இருக்கிறதை அழிச்சிடலாம்னு சொல்றா. எனக்கு மனசு வரலே" என்றார்.

"எதையும் அழிக்க வேண்டாம், டீச்சர். பழைய வீட்டுச் சாவியை இன்னும் ஒரு வருஷம் நம்ம கையிலேயே வெச்சிருப்போம்" என்றேன்.

முதலில் செய்தது, பழைய பெட்டியில் உள்ள அனைத்துக்கும் ஒரு முழுப் பிரதி எடுத்து வைத்ததே. கூகுளின் பெட்டியாக இருந்தால் 'டேக்அவுட்' என்ற வசதியால் எல்லாக் கடிதங்களையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். வேறு பெட்டியாயின், 'தண்டர்பேர்ட்' போன்ற இலவச மென்பொருளில் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஐமேப் முறையில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு, ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கடிதங்களை இழுத்து விடலாம். டீச்சர் வீட்டில் நாங்கள் இரண்டாவது வழியைக் கையாண்டோம். 'அனுப்பியவை' வந்து சேர்ந்ததா என்று நான் மூன்று முறை பார்த்துக்கொண்டேன்.

அடுத்தது, பழைய பெட்டிக்கு இனிமேல் வருவதைப் புதியதற்குத் திருப்பிவிடுவது. ஒரு சிறு உபாயத்தை இங்கே விவரிக்க ஆசைப்படுகிறேன்; இதனால் கிடைக்கும் பிரயோஜனம் மிகப் பெரிது. பழைய விலாசத்துக்கு எழுதப்பட்ட கடிதம் எதுவானாலும், அது புதிய பெட்டிக்குள் நுழையும்போதே 'பழைய விலாசம்' என்ற சீட்டை ஒட்டிக்கொண்டு நுழையும்படி ஒரு விதியை அமைத்தோம். இப்படிப்பட்ட தானியங்கி விதிகளை ஏற்கும் வசதி எல்லாப் பிரபல சேவைகளிலும் உண்டு. அந்தச் சீட்டோடு வந்து நிற்கிற ஒவ்வொரு கடிதமும், 'எனக்கு நீ இன்னும் விலாசம் மாறியதைச் சொல்லவில்லை' என்று நமக்கு நினைவூட்டுகிறது. யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்துப் பட்டியல் போட்டால் பாதிப் பேர் விட்டுப் போவார்கள். இந்த முறையில் அவர்களாகவே ஒருவர் பின் ஒருவராக வந்து ஆஜராகிறார்கள். முதல் வாரம் நாற்பது ஐம்பது வரும். மூன்றாம் மாதம் ஒன்றிரண்டு. தெனாகா நேஷனலின் மின்சார பில் மாதாமாதம் வந்து எட்டிப் பார்க்கும். சாலை வரிக்கு முன்னோடியான வாகனக் காப்புறுதி நினைவூட்டல் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். அதற்காகத்தான் ஒரு வருஷம் சாவியை வைத்திருக்கச் சொன்னது.

சிலவற்றுக்கு மட்டும் அப்படிக் காத்திருக்கலாகாது. வங்கி, ஊழியர் சேமநிதி வாரியம், உள்நாட்டு வருமான வரி வாரியம், காப்புறுதி, கைப்பேசி நிறுவனம் ஆகிய இடங்களில் விலாசத்தை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். கடவுச்சொல் மறந்தால் மீட்கும் வழி அந்த விலாசத்துக்குத்தான் வரும். பழைய பெட்டி ஒரு நாள் பூட்டிக்கொண்டால், அதை நம்பியிருந்த கதவுகளும் கூடவே பூட்டிக்கொள்ளும். கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி பூட்டிக்கொள்வது கற்பனையன்று: 2 ஆண்டுகள் உபயோகிக்கப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை 2023 டிசம்பர் முதல் கூகுள் நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறது. மற்றொரு ஜாக்கிரதையும் வேண்டும். 'உங்கள் பெட்டி இடமாற்றம் பெறுகிறது, கடவுச்சொல்லை உறுதி செய்யவும்' என்று எழுதி வலைவீசும் மோசடிக் கடிதங்கள், இடம் மாறும் வேளையில் உண்மைபோலவே தோன்றும். கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாமல், உலாவியில் நாமாகவே விலாசத்தைத் தட்டச்சு செய்து உள்ளே போவதுதான் பத்திரம். பணம் பறிபோய்விட்டால், உடனே 997 என்ற எண்ணை அழைத்து மோசடித் தடுப்பு மையத்தில் சொல்ல வேண்டும்.

அறை பிரிக்கும் வேலைக்கு வந்தோம். டீச்சர் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் ஒரு தாளில் இருபத்திரண்டு தலைப்புகள் எழுதி வைத்திருந்தார்: கோயில், பேரன் பள்ளி, பெரிய மகன், சின்ன மகன், பல் வைத்தியம், கண் வைத்தியம் என்று போயிற்று. என்னுடைய அபிப்பிராயத்தில் இவ்வளவு ஆகாது. அறைகள் பெருகப் பெருக, ஒரு கடிதத்தை வைக்கும்போதும் யோசனை, எடுக்கும்போதும் யோசனை. பேரனின் கண் வைத்தியத்துக்குச் சின்ன மகன் அனுப்பிய ரசீது எந்த அறைக்குப் போகும்? மேலும், இன்றைய வெப்மெயிலில் தேடும் வசதி அபாரமானது. அனுப்பியவர் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, உடன் கோப்பு இருந்ததா என்ற மூன்றில் இரண்டைச் சொன்னால் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். ஆகவே, தேடலால் எளிதில் அகப்படுவதற்கு அறை வேண்டாம். தேடலால் அகப்படாததற்கும், மொத்தமாக ஒருசேர வேண்டியிருப்பதற்கும் மட்டும் அறை போதும் என்றேன்.

அந்தக் கணக்கில் முதலில் தேறியது வரி. வருமான வரிக்கு ஆதாரமான ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். புத்தகம் வாங்கியது, மருத்துவம், காப்புறுதி, கல்வி என்று கழிவு கேட்கக்கூடிய எந்த ரசீதானாலும், வந்த அன்றே அந்த ஆண்டின் சீட்டை ஒட்டிவிட்டால், ஏப்ரல் மாதத்தில் பாரம் பூர்த்தி செய்ய உட்காரும்போது வீட்டை உலுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, வீடு, நிலம், வாகனம் சம்பந்தப்பட்டவை: என் தகப்பனாரின் தகரப் பெட்டி. மூன்றாவது, பதில் போட வேண்டியவை: அது கடிதக் கம்பி. நான்காவது, மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதிய கடிதங்கள். டீச்சர் தம் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பதினேழு தலைப்புகளைக் கோடிட்டு அடித்தார். 'கோயில்' என்பதை அடிக்கவில்லை. ஐந்தாவதாக அது நின்றது.

கோயிலை அவர் விடாததற்குக் காரணம் இருந்தது. அதைப் பற்றி நானும் வெகு நாளாய்க் கவலைப்பட்டு வருகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர்களின் கோயில் நிர்வாக சபைகள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், வாசகர் வட்டங்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றின் கடிதப் போக்குவரத்து, அந்தந்தக் காலத்துச் செயலாளர் ஒருவருடைய சொந்தப் பெட்டியில்தான் நடக்கிறது. செயலாளர் மாறுகிறார், சில சமயம் மனஸ்தாபத்தோடு மாறுகிறார், சில சமயம் காலமாகிவிடுகிறார். 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய வேளை வரும்போது, சென்ற ஆண்டின் கடிதங்கள் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஒரு சங்கத்தில், கட்டடத்துக்கு நன்கொடை தந்தவர்களின் விவரமும், வரைபட அங்கீகாரம் குறித்து நகராட்சியோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் இவ்வாறு ஒருவருடைய கடவுச்சொல்லோடு மறைந்துபோனதை நான் நேரில் கண்டேன். அந்த மனிதர் நேர்மையானவர்; இருபது ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்தவர். நாற்காலியைக் கொடுத்தார், அலமாரியின் சாவியைக் கொடுக்க அவருக்கும் தோன்றவில்லை, வாங்கவும் எவருக்கும் தோன்றவில்லை.

இதற்குப் பரிகாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சங்கம் தன் பெயரிலேயே ஓர் இணைய முகவரியை வாங்கிக்கொள்ளலாம். 'டாட் மை' என்று முடியும் பெயர்களை மைநிக் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. ஆண்டுக் கட்டணம் ஒரு சாதாரணச் சங்கத்தால் தாங்கக்கூடியதே. அப்படி வாங்கிய பெயரின்கீழ், 'செயலாளர்', 'பொருளாளர்' என்று உத்தியோகத்தின் பெயரால் விலாசங்கள் அமைத்துவிட்டால், ஆள் மாறினாலும் விலாசம் மாறாது. பின்னால் மின்னஞ்சல் சேவை நடத்துகிற கம்பெனியையே மாற்றினாலும், அஞ்சல் போய்ச் சேர வேண்டிய இடத்தைக் குறிக்கும் பதிவை மட்டும் திருத்தினால் போதும். எழுதுகிறவர்களுக்கு மாற்றம் தெரியவே தெரியாது. தனிமனிதரும் தம் குடும்பப் பெயரில் இப்படிச் செய்துகொள்ளலாம். நான் செய்துகொண்டேன்.

உச்சிவேளை தாண்டிய பிறகு, நான்காவது அறையைத் திறந்தோம். அங்கேதான் அன்றைய வேலையின் கடினமான பகுதி காத்திருந்தது. 2000-க்குப் பிந்திய இரண்டு மூன்று ஆண்டுகளின் கடிதங்கள் பல, மேலே கொம்பும் கீழே வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாய்த் தெரிந்தன. "இதெல்லாம் கெட்டுப் போச்சு, தம்பி. விட்டுடலாம்" என்றார் டீச்சர். அவை கெட்டுப் போகவில்லை. அவை தமிழ்.

இன்று கைப்பேசியில் தமிழைத் தட்டி அனுப்புகிற இளைஞர்களுக்கு, ஒரு காலத்தில் கோலாலம்பூரிலிருந்து எழுதிய தமிழ் சென்னையில் தமிழாய்த் தெரிவதே அதிசயமாக இருந்தது என்று சொன்னால் வியப்பாயிருக்கும். தொடக்கத்தில் தமிழை ஆங்கில எழுத்தால் எழுதித்தான் அனுப்பினோம். பிறகு தமிழ் எழுத்துருக்கள் வந்தன. ஆனால் கணினியின் உள்ளே உள்ள 256 இடங்களில், ஆங்கிலத்துக்குரிய முதல் 128 போக, மேல் பாதியில் 'க' எங்கே, 'ழ' எங்கே என்பதை எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தம் இஷ்டப்படி வைத்தார்கள். அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு பெறுகிறவரிடமும் இருந்தால்தான் கடிதம் படிக்கக் கிடைக்கும். இந்தக் குழப்பத்துக்கு முடிவு காண, பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் இணையத்திலேயே கலந்து பேசி, 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். தமிழ்நாட்டரசு 1999-ல் 'டாப்', 'டாம்' என்ற வேறு குறியீடுகளை ஏற்றது. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' மென்பொருளும் அதன் 'இணைமதி' எழுத்துருவும் மலேசியாவில் தமிழில் மின்கடிதம் எழுதும் பழக்கத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. மென்பொருளின் பெயரிலேயே அஞ்சல் இருப்பதைக் கவனியுங்கள். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது, அங்கே கூடியவர்களின் பேச்சில் இந்தக் குறியீட்டு விவகாரம் பிரதானமாக இருந்தது. பின்னர் 'யூனிகோட்' பரவியது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிய அந்த முறையில் தமிழுக்கும் நிரந்தர இடம் இருந்ததால் குழப்பம் தீர்ந்தது. தீர்ந்தது புதிய கடிதங்களுக்கு மட்டுமே. திஸ்கியில் எழுதிய பழைய கடிதம், இது தமிழ் என்று சொல்லும் அடையாளம் எதுவும் இல்லாமல், புதிய வெப்மெயிலின் முன் வந்து நிற்கிறது. அதுவோ மேல் பாதியில் உள்ள எண்களுக்குத் தான் அறிந்த ஐரோப்பிய எழுத்துகளை இட்டுக் காட்டிவிடுகிறது.

அந்தக் கோலத்தைப் பார்த்து, கெட்டுப்போன குப்பை என்று எண்ணி, இடம் மாறும் வேளையில் எத்தனை பேர் தம் முதல் தமிழ்க் கடிதங்களை அழித்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்த விசித்திர எழுத்துகளை அப்படியே பிரதி எடுத்து, எழுத்துருமாற்றியில் இட்டால் தமிழ் திரும்பி வரும். சுரதா யாழ்வாணன் அமைத்த 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகள் அதற்காகவே தோன்றியவை. ஒரு விஷயம் மட்டும் முக்கியம்: மூலக் கடிதத்தில் கைவைக்கக் கூடாது. விசித்திர எழுத்துகளாய் இருக்கும் நிலையிலேயே அதை வேறிடத்தில் ஒட்டித் திருத்திச் சேமித்தாலோ, பிறருக்குத் திருப்பி அனுப்பினாலோ, இடையில் உள்ள கணினிக்குப் புரியாத சில எழுத்துகள் உதிர்ந்துவிடும். உதிர்ந்தவை மறுபடி கிடையா. மூலத்தை அப்படியே காத்து வைத்து, மாற்றிய தமிழைத் தனியே ஒரு பிரதியாக அதன் பக்கத்தில் வைப்பதே உத்தமம்.

டீச்சரின் கடிதங்களில் ஒன்றை எடுத்தோம். பிரதி செய்து, மாற்றியில் இட்டு, பொத்தானை அழுத்தினேன். கொம்பும் வாலும் மறைந்து, திரையில் தமிழ் நின்றது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அருகில் குனிந்தார். தைப்பிங்கிலிருந்து, காலஞ்சென்ற அவருடைய தோழி, அவரும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, எழுதிய கடிதம் அது. முதல் பத்தியில் முரசு அஞ்சலைப் போட்டுக் கொடுத்த அண்ணன் மகனுக்கு நன்றி. இரண்டாம் பத்தியில், றகரம் எந்தப் பொத்தானில் இருக்கிறதென்று தெரியாமல் அரைமணி நேரம் தேடிய வருத்தம். அதன்பின் ஆறாம் ஆண்டுப் பரீட்சை, மழை, மருமகளின் பிரசவம். டீச்சர் வாய்விட்டுப் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இந்த இடத்திலே ஒற்று விட்டுட்டா பாரு" என்று விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார்.

அப்படிப்பட்ட கடிதங்கள் இன்னும் இருநூற்றுக்கு மேல் இருந்தன. மாலை ஆறு மணி வரை முப்பத்தொன்றை மாற்றினோம். ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் பெயரையும் ஆண்டையும் டீச்சரே தம் கையால் தட்டச்சு செய்தார். மகளுக்கும் பேரனுக்கும் விளங்க வேண்டும் என்று, தோழியின் பெயருக்குப் பக்கத்தில் 'தைப்பிங், என்னுடன் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்' என்று சேர்த்தார். ரயிலுக்கு நேரமாயிற்று. 2002-ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடிதத்தில் அடையாளம் வைத்துவிட்டு எழுந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏப்ரலிலிருந்து தொடங்க வேண்டும்.